குதிரைக்குத் தண்ணி காட்டினாங்களா?

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ரயிலில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. எங்களுக்கு அவர் குதிரை சார், அவ்வளவுதான். அந்தப் பெயரை வைத்தவள் நான். உனக்கு வாய் நீளம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அம்மா சொன்னதில் தப்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருத்தணியிலிருந்து காலையில் சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு செட்டாகப் போய்வந்துகொண்டிருந்தோம். எல்லோரும் சீசன் டிக்கெட். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவர் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவு குமாஸ்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த அரைக்கைச் சட்டை, நெற்றியில் மலைக்கோயில் விபூதி, தோளில் சாப்பாட்டுப் பை, கையில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற காமிக்ஸ் புத்தகம்.

முதல் நாள் அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தபோது, பையனுக்கு வாங்கிப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை விரித்து, விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். அரக்கோணம் வருவதற்குள் இரண்டு பக்கம் படித்துவிட்டு, சீசன் டிக்கெட்டை அடையாளத்துக்குச் சொருகி மூடிவைத்துவிட்டார்.

"ஏன் சார், நல்லா இல்லியா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குதும்மா. நாப்பத்தெட்டு பக்கம். வேல நாளு இருவத்தி நாலு. நாளைக்கி ரெண்டு பக்கம்தான். அள்ளி வுட்டுட்டா மாசக் கடைசியில இன்னா பண்றது?"

கதை என்னவென்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆவடி வரைக்கும் சொன்னார்.

வெண்குளம்பு என்று ஒரு குதிரை. ஏதோ வெளிநாட்டுக் கதை, மாதம் ஒன்று தமிழில் வரும். கறுப்புக் குதிரை, முன்னங்கால் ஒன்றில் மட்டும் குளம்பு வெள்ளை. அந்தக் கால் தரையில் பட்டால் போதும், குதிரை கடல்மேல் ஓடும், குளம்பு நனையாது. இடிந்து விழுகிற பாலத்தை முதுகில் தாங்கும். மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் காதில் விழும். அதன் மேல் ஒரு முகமூடிக்காரன் உட்கார்ந்திருப்பான். அவன் பெரிதாக எதுவும் செய்வதில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சவடால் வசனம் பேசுவான். கடைசிப் பக்கத்தில் ஊர்த் தலைவர் மெடல் குத்துவதும் அவனுக்குத்தான்.

"குதிர அங்க பின்னாடி நிக்கும் பாரு," என்று படத்தின் மூலையைக் காட்டினார் அவர். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. "மூணு சமுத்திரம் தாண்டி வந்துருக்குது. எவனாவது அதுக்குத் தண்ணி காட்டினானா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு வைத்ததுதான் அந்தப் பெயர்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்த மனுசர் பல வருஷம் ஓட்டினார். புத்தகத்தைப் பிரித்ததும் வசனத்தைப் படிக்க மாட்டார். முதலில் கட்டம் கட்டமாகக் குதிரையைத் தேடுவார். சண்டை முடிந்த பக்கத்தில் தொட்டியோ வாளியோ தென்படுகிறதா என்று பார்ப்பார். இருக்காது. உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். மாதக் கடைசியில் புத்தகம் முடிந்ததும் ஓர் அஞ்சலட்டை எடுத்து, தொடைமேல் சாப்பாட்டு டப்பாவை வைத்து, அதன்மேல் அட்டையை வைத்து, பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுவார். தபால் பிரிவுக் கையெழுத்து, ஆடுகிற ரயிலிலும் அச்சு அச்சாக இருக்கும். 'ஐயா, இம்மாதக் கதை அருமை. ஆனால் வெண்குளம்பு பாலைவனத்தில் இரண்டு நாள் ஓடிய பிறகும் அதற்கு யாரும் தண்ணீர் காட்டியதாகத் தெரியவில்லை. அடுத்த இதழிலாவது ஆவன செய்யவும்.'

ஒரு தடவை வாசகர் கடிதம் பகுதியில் பதிலே வந்துவிட்டது. 'திருத்தணி வாசகரே, வெண்குளம்புக்கு அபூர்வ சக்தி உண்டு. அதற்குத் தாகம் எடுக்காது.'

பெட்டியே சிரித்தது. அவருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "சக்தி இருந்தா தாகம் எடுக்காதா? இது இன்னாம்மா நியாயம்?" என்று என்னைக் கேட்டார். திருவள்ளூர் தாண்டியும் கேட்டுக்கொண்டே வந்தார்.

காகிதக் குதிரையோடு நின்றிருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்போம். அவர் நிஜத்திலும் அப்படித்தான். சென்ட்ரலில் இறங்கியதும் எல்லோரும் வெளியே ஓடுவார்கள், இவர் எதிர்ப்பக்கம் நடந்து, ரயிலை ஓட்டிவந்தவரிடம் போய், "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவாராம். எங்கள் செட்டில் ஒருவருடைய அப்பா இறந்துபோனார். சுடுகாட்டில் எல்லோரும் மகனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர் பாடை தூக்கி வந்த நாலு பேரைத் தேடிப்போய் ஓரமாக உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர்களைச் சாப்பிடவைத்துவிட்டு வருகிறேன் என்று போனவர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்.

சிரிப்போம். ஆனால் அவர் இல்லாத நாளில் பெட்டியில் ஏதோ குறையும். எனக்கு டைபாய்டு வந்து இரண்டு வாரம் லீவு போட்டுத் திரும்பியபோது, ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். "டைப்பு அடிச்சுகினே இருப்பே, வெரலு வலிக்காதா உனக்கு?" என்று கேட்டார். என் மேனேஜர் கேட்டதில்லை. என் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்கிற அண்ணன் கேட்டதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கினது தெரிந்தால் என் வாய்க்கு மரியாதை போய்விடும்.

வீட்டுக்காரம்மாவைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நகரிப் பக்கம், தெலுங்குக் குடும்பம் என்று தெரியும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பதும் தெரியும். ஒரு தடவை, "புஸ்தகத்த அக்காவுக்குப் படிக்கக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெலுங்குதான் படிக்க வரும்மா. தமிழு பேசுவா, படிக்க வராது. படிச்சு முடிச்சா ஷெல்புல வெச்சுட்றதுதான்."

"மறுபடி எடுத்துப் படிக்க மாட்டீங்களா?"

"படிச்சாச்சே. அடுத்த மாசந்தான் புதுசு வந்துடுதே."

அவரிடம் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிறகு தோன்றியது.

ஓர் ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்க மஞ்சளும் அரோகராவுமாக இருந்தது. கம்பெனி லீவு. காவடி பார்க்க மலையடிவாரத்துக்குப் போனேன். தெரு முனையில் குதிரை சார் மேசை போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து, டம்ளரோடு நின்றிருந்தார். காவடி எடுப்பவர்களுக்கு மோரும் பானகமும் கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. இவர் பம்பை அடித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் பிடித்து நிறுத்துவார். "அவுங்க ஆட்றாங்க, இவுங்க அடிச்சுகினே வர்றாங்க. யாராவது இவுங்கள பாக்கறாங்களா சொல்லு," என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். குளிர்ந்த தண்ணீர். குடித்தேன். நல்ல மனுசர் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஓர் அம்மா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தார். மேசையில் இறக்கினார். காலிக் குடங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். குதிரை சார் பம்பைக்காரருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. குடங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. நாலாவது நடையில் அந்த அம்மா குடத்தை இறக்கிவிட்டு, அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

நான் போய், "அக்கா, இன்னா பண்ணுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் இப்டிப் புடிக்கும், வுட்டுடும். நீதான ரயில்ல வர்ற பொண்ணு? வாய்க்காரி?"

சாரின் வீட்டுக்காரம்மா. என் புகழ் அவர் வீடுவரை போயிருந்தது.

காலிக் குடங்களை நான் தூக்கிக்கொண்டு அவரோடு போனேன். அடிபம்பு இரண்டு தெரு தள்ளி. வீடு மாடியில். இருபத்திரண்டு படி, செங்குத்து. மேலே போனதும் சமையற்கட்டில் ஒரு நீல டிரம், என் நெஞ்சு உயரத்துக்கு. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டேன். "ஒம்போது, பத்து. இன்னைக்கி விசேசம், அதான் கூட," என்றார்.

வற்புறுத்திக் கேட்டதும் சொன்னார். கர்ப்பப்பை இறங்கிவிட்டதாம். இரண்டு வருஷமாகிறது. மகள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அங்கேயே ஒரு லேடி டாக்டரிடம் காட்டியிருக்கிறார். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் தொல்லை பெரிதாகும், அதுவரைக்கும் கனம் தூக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தூக்கிகினே இருக்கீங்களேக்கா."

"தூக்காம? டிரம்மு ரொம்பணுமே. ஆபரேசன் பண்ணிகினா ஆறு மாசம் குடம் தொடக் கூடாதாம். அப்ப யாரு தூக்குவா?"

"சார் தூக்கட்டும்."

முருகனே இறங்கிவந்து தண்ணீர் பிடித்துத் தருவார் என்று நான் சொன்னதுபோல அவர் சிரித்தார்.

"ஏங்க்கா அவருகிட்ட சொல்லல?"

"கேட்டா சொல்லுவேன்," என்றார் சாதாரணமாக. "கேக்கலையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாடை தூக்கியவனைக் கேட்டார், பம்பைக்காரனைக் கேட்டார், என் விரலைக் கூடக் கேட்டார். கோபத்தில் எழுந்து எதையாவது தட்டிவிடப் போகிறேன் என்று பயந்து, சுவரோரம் இருந்த ஷெல்ஃப் பக்கம் திரும்பினேன். வெண்குளம்பு வரிசையாக அடுக்கியிருந்தது. கைக்கு வந்த ஒன்றை உருவிப் பிரித்தேன்.

பாலத்தைத் தாங்கிய கதை. கடைசிப் பக்கம். முகமூடிக்காரனுக்கு மெடல். மூலையில் நகம் அளவு குதிரை. அதன் முன்னால் நீலப் பேனாவால் ஒரு பக்கெட் வரைந்திருந்தது. கோலம் போட்டுப் பழகிய கை. வளைந்த பிடி, விளிம்புவரை தண்ணீர், தண்ணீரில் இரண்டு அலை.

இன்னொன்றை எடுத்தேன். பாலைவனம். அதிலும் பக்கெட். எரிமலை, கடல்கொள்ளை, பனிப்புயல். பனிப்புயலில் மட்டும் பக்கெட்டிலிருந்து ஆவி பறந்தது. வெந்நீர் வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தமிழ் படிக்க வராதுன்னு சார் சொன்னாரே."

"வராமதான் இருந்துச்சு. மத்தியானத்துல ஒக்காந்து இந்தக் குதிரயப் படிச்சுதான் வந்துச்சு." அவருக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க நைனா வீட்ல மாடு இருந்துச்சு. ஏர் ஓட்டிட்டு வந்தா மொதல்ல தண்ணி காட்டுவாரு, அப்புறந்தான் அவருக்கு சோறு. இந்தக் குதிர அவ்ளோ ஓடிட்டு வருது, வாயில்லா ஜீவன். இவுரு மாசாமாசம் கடுதாசி போட்டுகினு இருந்தா அதுக்குத் தண்ணி வந்துடுமா? நானே வெச்சுட்டேன்."

எனக்கு சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அவருகிட்ட எதையும் சொல்லிடாதம்மா," என்றார். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே என் கை பாலத்துக் கதையை என் பைக்குள் போட்டுக்கொண்டது.

மறுநாள் காலை ரயிலில் அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பம்பைக்காரர்கள் எத்தனை பேர் குடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அரக்கோணம் தாண்டட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன்.

முதலில் கோபப்பட்டார். "யாரும்மா இதுல கிறுக்குனது?"

"நல்லா பாருங்க சார்."

மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார், பேனா இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அது அவர் வீட்டுப் பேனா மை என்று புரிந்திருக்க வேண்டும்.

"அவளா?"

"ஆங்."

"அவளுக்குப் படிக்க வராதே."

"உங்க ஷெல்புலயே படிச்சுகினாங்க."

"எல்லாத்துலயும் போட்டுருக்குதா?"

"எல்லாத்துலயும். பனியில வெந்நி."

அவர் அந்தப் பக்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் விட்டிருக்கலாம். என் வாயைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. "சார், உங்க வீட்ல தண்ணி யாரு தூக்கறது?" என்று கேட்டேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை அடித்தது.

"டிரம்மு எப்பவும் ரொம்பியேதான் இருக்கும்மா," என்றார்.

சொல்லிவிட்டு அவரே அந்த வார்த்தையைக் கேட்டார். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் மறைக்கவில்லை. இருபத்திரண்டு படியைச் சொன்னேன். லேடி டாக்டரைச் சொன்னேன். இரண்டு வருஷத்தைச் சொன்னேன். 'கேட்டா சொல்லுவேன்' என்றதையும் சொன்னேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னதை இப்படி ஆம்பளையிடம் போட்டு உடைத்தது தப்புதான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

திருவள்ளூரில் ரயில் நின்றது. அவர் எழுந்தார். புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கினார். எங்கள் ரயில் கிளம்பும்போது, அவர் மேம்பாலப் படியில் கூட்டத்துக்கு எதிராக ஏறிக்கொண்டிருந்தார், திரும்பிப் போகிற ரயிலைப் பிடிக்க. பாதி வழியில் இறங்கிப்போய் அவர் லீவு போட்டது இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று செட்டில் பேசிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பையை மறந்து விட்டுப்போயிருந்தார். அன்று மதியம் அம்பத்தூரில் அதை நான் சாப்பிட்டேன். எலுமிச்சம்பழ சாதம், வறுத்த மணிலாக்கொட்டை, ஓரத்தில் தனியாகப் பொட்டலம் கட்டின ஊறுகாய். இதற்காக அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை.

அடுத்த மாதமே ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. மகள் குழந்தையோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு டிரம் குதிரை சாருடைய பொறுப்பு.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் அடிபம்பில் கூட்டம். ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவே லுங்கியும் பனியனுமாக அவர். குடத்தைத் தோளில் வைத்துப் பார்த்தார், சாய்ந்தது. தலையில் வைத்துப் பார்த்தார், அபிஷேகம் ஆனது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சார், இடுப்புல வைங்க," என்றாள் ஒருத்தி.

"எனக்கு இடுப்பே இல்லியேம்மா," என்றார் அவர் பரிதாபமாக.

கடைசியில் இரண்டு கையிலும் இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இருபத்திரண்டு படியில் மூன்று இடத்தில் நின்றார். நான் பின்னாலேயே போனேன், உதவவில்லை. மேலே போய் டிரம்மில் ஊற்றினார். அடியில் ஒரு சாண் தண்ணீர்கூட ஏறவில்லை. டிரம்மை எட்டிப் பார்த்தவர், அப்படியே அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தினி வருசம்," என்றார்.

கட்டிலில் படுத்திருந்த அக்கா, "மூச்சு வாங்குது பாரு. ஒக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க," என்றார். சார் சொம்பில் மொண்டு, முதலில் அக்காவுக்கு நீட்டினார். அக்கா வாங்கிக்கொள்ளாமல் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி, நிதானமாக, சொம்பு காலியாகும்வரை குடித்தார். அப்படி ஒருவர் தண்ணீர் குடிப்பதை நான் பார்த்ததில்லை.

அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். தோள் வலி, முதுகு வலி என்று ரயிலில் புலம்பித் தீர்த்தார். ஆறாவது நடையில் மயக்கம் வந்த கதையைப் பத்துத் தடவை சொன்னார். ஆனால் அந்த அஞ்சலட்டைக் கை சும்மா இருக்கவில்லை. தெருவுக்கு ஒரு குழாய் வேண்டும் என்று மாதம் தவறாமல், அதே அச்சுக் கையெழுத்தில், எழுதவேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுத ஆரம்பித்தார். 'அடுத்த மாதமாவது ஆவன செய்யவும்.' இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் அந்தத் தெருவுக்குக் குழாய் வந்தது. கடிதத்தால் வந்ததா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டேன். குழாய் வந்த செய்தி அவருடைய அஞ்சலட்டையில்தான் வந்தது. எழுதியவர் அவர். கீழே, கோணல்மாணலான தமிழில், 'நல்லா இருக்கியா வாய்க்காரி' என்று இன்னொரு கையெழுத்து.

காமிக்ஸ் ஆசிரியருக்கும் அவர் கடைசியாக ஒரு கடிதம் எழுதினார். அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து அவர் மறுபடி வேலைக்கு வந்த வாரம் அது. தபாலில் போடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். 'ஐயா, வெண்குளம்பின் தண்ணீர் தொடர்பாக இதுவரை நான் எழுதிய கடிதங்களைத் தயவுசெய்து ரத்து செய்துகொள்ளவும். ஏற்பாடு முன்பே ஆகியிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.'

அதே வாரத்தில்தான் புது இதழும் வந்தது. வழக்கம்போல நாளைக்கு இரண்டு பக்கம். வெண்குளம்பு காட்டுத்தீயிலிருந்து ஒரு ஊரையே முதுகில் ஏற்றிக் கொண்டுவருகிற கதை. மாதக் கடைசியில் ஒருநாள் காலை கடைசிப் பக்கத்துக்கு வந்தார். மெடல், கைதட்டல், மூலையில் புகை படிந்த குதிரை. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலட்டை எடுக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். அரக்கோணத்துக்கு வெளியே சிக்னலில் ரயில் நின்றதும், குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தார். பிடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணல். பக்கெட்டா, உடைந்த பானையா என்று சொல்ல முடியாது. ஆனால் விளிம்புவரை தண்ணீர் வைத்து, இரண்டு அலையும் போட்டார்.

"இன்னா சார் நீங்களே எறங்கிட்டீங்க?" என்றேன். "வீட்ல அக்கா வரஞ்சுக்க மாட்டாங்களா?"

அவர் மூடியைத் திருகி, பேனாவைப் பையில் குத்தினார். முகத்தில் விளையாட்டே இல்லை.

"ஆறு மாசத்துக்கு அவ பக்கெட்ட தூக்கக் கூடாதும்மா," என்றார்.